நீர்முள்ளி சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

கன்னியாகுமரி மாவட்டத்தில் அநேகமாக எல்லா வீட்டிலும் ஓர் ஈர மூலை உண்டு. துவைகல்லில் இருந்து தண்ணீர் ஓடி நிற்கிற இடம், கிணற்றடி, தென்னந்தோப்பின் பள்ளமான ஓரம், வயலை நிரப்பிக் கட்டிய வீட்டின் பின்பக்கம். அந்த மாதிரி இடத்துக்கு என்ன வைக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது நீர்முள்ளி. விளவங்கோடு பக்கம் வயல்சுள்ளி என்பார்கள். வரப்போரத்திலும் சானல் (பாசனக் கால்வாய்) கரையிலும் தானாக முளைக்கிற நம் ஊர்ச் செடி. கணுவுக்குக் கணு மஞ்சள் முள், அதன் நடுவே நீலமும் ஊதாவும் கலந்த பூ. களைக்கொல்லியும் வயல் நிரப்புவதும் சேர்ந்து இதைக் கண்ணில் படாமல் ஆக்கிக்கொண்டிருக்கின்றன. வீட்டுத் தோட்டத்தில் கொஞ்சம் இடம் கொடுத்தால் அது பிழைத்துக்கொள்ளும்.

வளர்ப்பவர்களுக்கு வருகிற சிக்கல்கள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரியானவை. அதனால் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் செடியில் தெரிகிற அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம். காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைக்கிற காரணம் கடைசியில் வரும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் உரமோ மருந்தோ வாங்குவதற்கு முன் அந்த இடத்துக்கு வருகிற தண்ணீரைப் பாருங்கள். எங்கிருந்து வருகிறது, எந்த வழியாகப் போகிறது, எத்தனை நாள் நிற்கிறது? நீர்முள்ளிக்கு வருகிற கோளாறில் பெரும்பகுதி இந்த மூன்று கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

## விதை போட்டு இரண்டு வாரமாகியும் முளைக்கவில்லை

மண் போட்டு மூடினீர்களா? பெரும்பாலும் இதுதான் காரணம். வெண்டை, பயறு விதைக்கிற பழக்கத்தில் குழி தோண்டிப் புதைத்துவிடுகிறோம். நீர்முள்ளி விதை சின்னது, தட்டையானது. சேற்றின் மேலேயே கிடந்து முளைப்பது. நாற்றங்காலுக்குச் சேறு குழைப்பதுபோல ஒரு சின்னப் பாத்தியைக் குழைத்து, தண்ணீரை வடியவிட்டு, விதையைக் காய்ந்த மணலோடு கலந்து தூவுங்கள். உள்ளங்கையால் லேசாகத் தட்டினால் போதும், மேலே மண் வேண்டாம்.

கை ஈரமாக இருந்ததா? ஈரம் பட்டதும் இந்த விதையைச் சுற்றிக் கொழகொழவென்று பசை ஊறும். ஈரக் கையால் எடுத்தால் விதையெல்லாம் ஒரே கட்டியாகி ஓரிடத்தில் விழும். காய்ந்த கையால், காய்ந்த மணலோடு தூவ வேண்டும்.

விதை நாட்டுமருந்துக் கடையில் வாங்கியதா? அங்கே விற்பது மருந்துக்கு. எத்தனை வருடம் டப்பாவில் இருந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. ஒரு தட்டில் ஈரத்துணி விரித்து 20 விதையை விலக்கி விலக்கி வைத்து, இன்னொரு தட்டால் மூடி, பத்து நாள் துணி காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றுமே முளைக்காவிட்டால் அந்த விதையை விட்டுவிடுங்கள். நாலைந்து முளைத்தால் அடர்த்தியாகத் தூவிச் சமாளிக்கலாம். தண்ணீரில் போட்டதும் பசை வந்ததே, நல்ல விதைதான் என்று நம்பிவிட வேண்டாம். செத்த விதையிலும் பசை வரும்.

நல்ல விதைக்குச் சுலபமான வழி, மாசி பங்குனியில் வரப்பில் காய்ந்து நிற்கிற செடியை வயல்காரரிடம் சொல்லிவிட்டு அறுத்துக்கொள்வது. அவருக்கு இது களை, சந்தோஷமாகத் தருவார். சாக்கில் போட்டு இரண்டு நாள் வெயில் காட்டிக் கம்பால் தட்டினால் விதை உதிரும். தடித்த கையுறை கட்டாயம். சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் குளக்கரைகளில் மட்டும் கை வைக்காதீர்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்க்கப்பட்டவை அவை. அங்கே இருப்பது அங்கேயே இருக்கட்டும்.

எப்போது தூவினீர்கள்? நமக்கு இரண்டு பருவமழை. ஆனி ஆடியில் தூவினால் அடைமழை விதையை அள்ளிக்கொண்டு போகும். ஐப்பசியில் தூவினாலும் அதே கதைதான். ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாசி நடுவரை, இரண்டு மழைக்கும் இடைப்பட்ட நாட்கள் எனக்குப் பிடித்தவை. ஈரம் இருக்கும், வெள்ளம் இருக்காது. ஐப்பசி மழை வரும்போது நாற்று வேர் பிடித்திருக்கும்.

இதற்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. தட்டில் முளைத்த விதை மண்ணில் மட்டும் இரண்டு முறை முளைக்கவில்லை என்றால் கோளாறு மண்ணில். கீழே இலை மஞ்சளாவது பற்றிச் சொல்லியிருக்கும் சோதனைகளைச் செய்யுங்கள்.

## முளைத்தது, சில நாளில் காணாமல் போய்விட்டது

காலையில் போய் மண்ணை உற்றுப் பாருங்கள். மூன்று விதமாக இருக்கும்.

நாற்று மொத்தமாக ஒரு பக்கம் ஒதுங்கிக் கிடந்தால் மழைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருக்கிறது. கூரைத் தண்ணீர் விழுகிற இடமாக இருந்தால் விழுகிற இடத்தில் தேங்காய் மட்டைகளைக் கவிழ்த்துப் போட்டு வேகத்தைக் குறையுங்கள்.

தண்டு மண்ணை ஒட்டி நூல்போல மெலிந்து கருத்து விழுந்திருந்தால் நாற்றழுகல். அடர்த்தியாக முளைத்து, காற்றோட்டம் இல்லாமல், மேலே தண்ணீர் நிற்கும்போது வருவது. நீர்முள்ளி வளர்ந்த பிறகுதான் காலை நனைத்துக்கொண்டு நிற்கும். குழந்தையாக இருக்கும்போது சேறு போதும், தேங்கிய தண்ணீர் ஆகாது. வடியவிட்டு, விரல் இடைவெளிக்கு நாற்றைக் கலைத்துவிடுங்கள்.

பளபளவென்று கோடு தெரிந்து, இலை வெட்டுப்பட்டிருந்தால் நத்தை. சாயங்காலம் ஈரச்சாக்கின் கீழே பப்பாளி இலையைப் போட்டு வையுங்கள். விடியும்போது சாக்கின் அடியில் கூடியிருக்கும். கையுறை போட்டுப் பொறுக்கி, உப்புக் கரைத்த வாளியில் போட்டுவிட்டு, அந்தத் தண்ணீரைப் பாத்தியில் ஊற்றாமல் தூரமாகக் குழியில் கொட்டுங்கள். உள்ளங்கை நீள ஓட்டோடு, கேரளத்தில் பரவித் தொல்லை கொடுக்கிற ஆப்பிரிக்க நத்தை மாதிரித் தெரிந்தால் படம் எடுத்துக்கொண்டு வேளாண்மை அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். அது உங்கள் ஒரு வீட்டில் தீர்கிற விஷயம் இல்லை. வெறும் கையால் தொடவும் வேண்டாம், மனிதரின் மூளையைத் தாக்கக்கூடிய புழுவை அது சுமந்திருக்கலாம்.

இன்னொன்றும் நடக்கும். ஈரமான இடத்தில் மஞ்சள் பூப் பூத்துக் கம்பளம் மாதிரிப் படர்கிற சிங்கப்பூர் டெய்சி இருக்கிறதே, அது நாற்றை அப்படியே மூடிவிடும். அழகுக்கென்று வைத்தது, இப்போது சானல் கரையெல்லாம் அதுதான். வேரோடு பிடுங்கி வெயிலில் காயப்போடுங்கள். வெட்டிச் சானலில் போட்டால் ஒவ்வொரு துண்டும் வேர்விடும்.

## இலை மஞ்சளாகிறது

எந்த இலை, எந்த இடத்தில் என்று பார்த்தால்தான் காரணம் பிடிபடும்.

கீழ் இலை மட்டும், ஒரே சீரான மஞ்சள். பூத்துக் காய்க்கிற நேரமாக இருந்தால் கவலையே இல்லை, இயல்பு. பூப்பதற்கு முன்பே என்றால் மண்ணில் சத்து போதவில்லை. கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்மண்ணில் மழை சத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். மக்கிய சாணத்தூள் செடிக்கு ஒரு பிடி போதும். யூரியா வேண்டாம்.

ஓரமும் நுனியும் கருகி, நடுவில் பச்சை. உப்பு அல்லது சோப்பு. துவைகல் தண்ணீர் நேராக வந்தால் அதைக் குழாய் வைத்து இரண்டு வாரம் வேறு பக்கம் திருப்பிவிட்டுப் பாருங்கள். புதிதாக வருகிற இலை சுத்தமாக இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. அந்தத் தண்ணீர்தான் வேண்டும் என்றால் முதலில் மணலும் சரளையும் நிரப்பிய ஒரு குழி வழியாக விட்டு, பிளீச்சிங் பவுடர் போடுகிற நாளில் மட்டும் வேறு பக்கம் திருப்புங்கள்.

சோப்பே வராத இடம், ஆனாலும் கருகல் என்றால் கிணற்றுத் தண்ணீரைச் சந்தேகப்பட வேண்டும். மணக்குடி, புத்தளம், ராஜாக்கமங்கலம் போன்ற கடலோர ஊர்களில் கோடையில் கிணறு உவர்ப்பாவது உண்டு. மண் காய்ந்ததும் மேலே வெள்ளையாகப் பூக்கிறதா என்று பாருங்கள். பூத்தால் மழைநீரைத் தேக்கி வடியவிட்டு இரண்டு மூன்று தடவை கழுவலாம். அதற்கும் சரியாகாவிட்டால் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். கண்ணால் பார்த்து உப்பின் அளவைச் சொல்ல முடியாது.

தண்ணீரின் மேல் செம்படலம், இலையில் துருநிறப் புள்ளி. செம்மண் பகுதியில் ஊற்றுநீர் கசிகிற இடத்தில் இது சகஜம். எண்ணெய் மாதிரி மினுமினுக்கும், பயமாகவும் இருக்கும். ஒரு குச்சியால் படலத்தைக் கலைத்துப் பாருங்கள். தகடு உடைவதுபோலத் துண்டு துண்டாகப் பிரிந்தால் அது இரும்புச் சத்தும் அதைத் தின்கிற நுண்ணுயிரும் செய்கிற வேலை. கலைத்ததும் ஓடிவந்து மறுபடி ஒட்டிக்கொண்டால் எண்ணெய். மோட்டார் ஷெட்டில் இருந்தோ, வண்டி கழுவுகிற இடத்தில் இருந்தோ வருகிறது, முதலில் அதை நிறுத்துங்கள். இரும்பாக இருந்தால் தண்ணீரைத் தேங்கவிடாமல் ஒரு சிறு வாய்க்கால் வெட்டி ஓடவிட்டாலே பாதி சரியாகும். மண் புளித்திருந்தால் வயலுக்குப் போடுவதுபோலச் சுண்ணாம்பு போடலாம். எவ்வளவு என்பதை மண் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள், கைக்கணக்கில் போட வேண்டாம்.

மஞ்சளோடு இலையும் தண்டும் முறுக்கிக்கொள்கிறது. பக்கத்தில் வயலோ தோப்போ இருந்தால் களைக்கொல்லி காற்றில் வந்திருக்கும். சுற்றிலும் பாருங்கள். அகல இலைச் செடியெல்லாம் முறுக்கிக்கொண்டு, புல் மட்டும் ஜோராக நின்றால் 2,4-டி வகை மருந்து. இதற்கு மாற்று மருந்து கிடையாது. லேசாகப் பட்டிருந்தால் கீழ்க்கணுவில் இருந்து துளிர்க்கும், பொறுத்துப் பாருங்கள். பக்கத்து வயல்காரரிடம் சண்டைக்குப் போகாமல், மருந்தடிக்கிற நாளை முன்கூட்டிச் சொல்லச் சொன்னால் அன்றைக்கு மட்டும் ஒரு சாக்குத் தட்டி கட்டிக்கொள்ளலாம்.

எதிலும் அடங்கவில்லை, ஒரு வாரத்துக்குள் பாத்தி முழுக்க மஞ்சள். இனி நாமாக ஊகிக்க வேண்டாம். திருப்பதிசாரத்தில் இருக்கிற வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு போனால் அவர்களாலும் சொல்ல முடியாது. பாதி வாடிய செடி ஒன்றை வேரோடும் மண்ணோடும் எடுத்துச் செய்தித்தாளில் சுற்றுங்கள். பாலித்தீன் பையில் வைத்தால் வழியிலேயே அழுகிவிடும். தனியாக அரைக்கிலோ மண், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று காட்டுகிற இரண்டு மூன்று படங்கள். இவ்வளவும் இருந்தால் ஒரே தடவையில் வேலை முடியும்.

## மண்ணில் ஈரம் இருக்கிறது, ஆனாலும் செடி வாடுகிறது

உச்சிவெயிலில் தலை தொங்கி, சாயங்காலம் நிமிர்ந்தால் விட்டுவிடுங்கள். காலையிலேயே தொங்கினால் ஒரு செடியைத் தியாகம் செய்துதான் ஆக வேண்டும். பிடுங்கி வேரைப் பாருங்கள்.

வேர் வெள்ளையாக இருந்தால் கோளாறு தண்டில். கணுவுக்குக் கணு பிளந்து பாருங்கள். உள்ளே துளையும் புழுக்கழிவும் இருந்தால் தண்டுத் துளைப்பான். அந்தத் தண்டை அடியோடு அறுத்து எரித்துவிடுங்கள், மற்றவை பிழைக்கும்.

வேர் கருத்து, அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தண்ணீர் மூச்சடைத்துவிட்டது. ஈரநிலச் செடிக்கு இப்படி வருமா என்று கேட்பார்கள். வரும். வரப்போரத்துத் தண்ணீர் ஏறி இறங்கி ஓடிக்கொண்டே இருக்கும். சிமெண்ட் தொட்டியிலும், ஓட்டையில்லாத பிளாஸ்டிக் டப்பிலும், களிமண் பள்ளத்திலும் அப்படி இல்லை. இலைதழை விழுந்து அழுகி, அடியில் கருஞ்சேறு கட்டிவிடும். வாரம் ஒருமுறை வடித்துப் புதுத் தண்ணீர் விடுங்கள். தரையாக இருந்தால் மம்மட்டியால் ஒரு வடிகால் இழுங்கள்.

வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அந்த மண்ணில் அடுத்து மிளகாய், கத்தரி, வாழை வைக்கிற எண்ணம் இருந்தால் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிவிடுவது நல்லது. நீர்முள்ளிக்காக மட்டும் என்றால் இடத்தை மாற்றினால் போதும்.

## நெட்டையாக வளர்ந்து சாய்கிறது, பூ இல்லை

நிழல். பத்தில் எட்டுக்கு இதுதான் காரணம் என்று தயங்காமல் சொல்வேன். நீர்முள்ளிக்குக் குறைந்தது அரை நாள் நேர்வெயில் வேண்டும். தென்னை நிழல் நகர்ந்துகொண்டே இருப்பதால் ஏமாற்றிவிடும். காலையில் வெயிலாகத் தெரிகிற இடம் பத்து மணிக்கு மேல் இருட்டாகிவிடும். காலை, மதியம், மாலை என்று மூன்று தடவை போய் நிழல் எங்கே விழுகிறது என்று குச்சி நட்டுப் பாருங்கள். பலா, ரப்பர் நிழலாக இருந்தால் நீர்முள்ளியை வற்புறுத்தாதீர்கள். அந்த இடத்துக்கு வல்லாரையோ சேம்போ சந்தோஷமாக வரும்.

வெயில் இருந்தும் பூ இல்லை என்றால் சத்து கூடிவிட்டது. தொழுவத்துத் தண்ணீர் வந்து சேருகிறதா என்று பாருங்கள். கரும்பச்சையாக, தண்டு பருத்து, முள் மெலிந்து நின்றால் அதுதான்.

இரண்டும் இல்லையென்றால் காத்திருங்கள். புரட்டாசியில் தூவியது பூக்க மார்கழி, தை ஆகலாம். ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் காற்றுக்கே சாயும். அங்கே மதிலையோ வேலியையோ ஒட்டி வையுங்கள்.

## பூ வந்தது, முள் இல்லை

அப்படியானால் அது நீர்முள்ளி இல்லை. தரையோடு தாழ்வாக, ஊதாப் பூவோடு, நீளமான காயை எச்சில் தொட்டால் பட்டென்று வெடிக்கிறதா? பிள்ளைகள் விளையாடுகிற பட்டாசுக்காய்ச் செடி அது. அமெரிக்க வெப்பமண்டலத்தில் இருந்து வந்து இங்கே பரவியது. நீர்முள்ளியில் கணுவுக்கு ஆறு முள் சுற்றி நிற்கும், தொட்டுப் பார்க்கவே வேண்டாம், தள்ளி நின்றே தெரியும்.

## இலையைப் புழு தின்கிறது

மருந்தை எடுக்காதீர்கள், தயவு செய்து. உடம்பெல்லாம் கிளைத்த முள்ளோடு, கருப்பாகவோ பழுப்பாகவோ இருக்கிற புழுவானால் அது வசீகரன் வகை வண்ணத்துப்பூச்சி. இறக்கையில் மயில்கண் போட்ட மயில் வசீகரன், சாம்பல் வசீகரன் எல்லாம் முட்டையிடத் தேடி வருகிற செடிகளில் நீர்முள்ளியும் ஒன்று. வயலில் இது அழிய அழிய அவற்றுக்கும் இடம் சுருங்குகிறது. கொஞ்ச நாளில் புழு கூட்டுப்புழுவாகிவிடும், செடி மறுபடி துளிர்க்கும். பாதி இலை போனாலும் பூப்பதைப் பார்க்கலாம்.

சின்ன நாற்றையே மொட்டையடிக்கிறது என்றால் புழுவைக் குச்சியால் எடுத்துப் பெரிய செடிக்கு மாற்றுங்கள். முள்ளில்லாத பச்சைப் புழு கூட்டமாக வந்து, பக்கத்துக் கீரையையும் தின்றால் அது வேறு. கையால் பொறுக்கிப் போடுங்கள்.

## பங்குனி, சித்திரையில் மொத்தமாகக் காய்ந்துவிட்டது

கோளாறு இல்லை. பூத்து, காய்த்து, விதை கொட்டி முடித்துவிட்டது. தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம். கொஞ்சம் விதையை எடுத்துக்கொண்டு, மீதியை அங்கேயே விழவிடுங்கள். அந்த இடத்தைக் கொத்திப் புரட்டாமல் விட்டால் மழை வந்ததும் தானாக முளைக்கும்.

## கோடையிலும் அந்த மூலை காயவே இல்லை

இதைச் செடிக்கு நல்லது என்று விட்டுவிடக் கூடாது. சித்திரை வெயிலில் கிணறு இறங்கியிருக்கும்போது ஒரு மூலை மட்டும் சேறாக இருந்தால் தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது.

முதலில் குழாய். வீட்டுக் குழாயையெல்லாம் மூடிவிட்டு மீட்டர் ஓடுகிறதா என்று பாருங்கள். மீட்டர் இல்லையென்றால் இரவு மேல்தொட்டியின் மட்டத்தைக் குறித்துவைத்துக் காலையில் பாருங்கள். இறங்கியிருந்தால் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

குழாயில் குறையில்லை, ஆனால் நாற்றம் வருகிறது, செடி அசாதாரணமாகக் கொழுத்து நிற்கிறது என்றால் கழிவுநீர்த் தொட்டிக் கசிவு. இங்கே நாமாகத் தோண்டுகிற வேலையே வேண்டாம். தொட்டி மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பதும் ஆபத்து. உள்ளிருக்கும் வாயு ஆளை நொடியில் வீழ்த்தும். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை உள்ளே இறக்கிச் சுத்தம் செய்யவைப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. வண்டி வைத்து எடுத்த பிறகு கொத்தனாரையோ பிளம்பரையோ வைத்துச் சரிசெய்யுங்கள். கிணறு பக்கத்தில் இருந்தால் குடிநீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை கொதிக்கவைத்தே குடியுங்கள்.

இந்த மாதிரி இடத்தில் வளர்ந்த நீர்முள்ளியை மருந்துக்கு எடுக்கவே கூடாது. சுத்தமான இடத்தில் வளர்ந்ததானாலும், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் சித்த மருத்துவரைக் கேட்காமல் கஷாயம் வைக்க வேண்டாம்.

## செடி நன்றாக இருக்கிறது, கொசு வருகிறது

ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீரை மொண்டு பாருங்கள். புழு நெளிந்தால் அங்கேதான் கொசு பெருகுகிறது. நீர்முள்ளிக்குத் தேங்கிய தண்ணீர் தேவையே இல்லை, சேறு போதும். வாரம் ஒருமுறை முழுக்க வடித்துவிட்டால் கொசு முட்டையில் இருந்து வளர்ந்து வெளியேற நேரம் கிடைக்காது.

## முள் குத்திய இடம் வீங்குகிறது

சோப்புப் போட்டுக் கழுவி முள்ளை எடுங்கள். முனை உள்ளே ஒடிந்து நின்றாலோ, விரல் மூட்டில் குத்தி மடக்க முடியாமல் வலித்தாலோ வீட்டில் குடையாமல் மருத்துவரிடம் போங்கள். டெட்டனஸ் ஊசி போட்டுப் பல வருஷமாகிவிட்டது என்றால் அதையும் கேளுங்கள். பிள்ளைகள் ஓடுகிற வழியில் இருந்து இரண்டு முழம் தள்ளி வைப்பதே நல்லது.

## பக்கத்து வயலில் முளைக்கிறது

கும்பப்பூ (இரண்டாம் போகம்) நெல் நிற்கிற வயலுக்கு உங்கள் மூலையிலிருந்து தண்ணீர் போகிறதென்றால் விதையும் போகும். காய் பழுப்பாகத் தொடங்கும்போதே, வயல் பக்கம் நிற்கிற செடிகளை அறுத்துவிடுங்கள். விதைக்கு வைப்பதை உட்பக்கமாக வையுங்கள். தண்ணீர் வெளியேறும் வாயில் ஒரு பழைய கொசுவலைத் துண்டைக் கட்டி, மழைக்குப் பிறகு அதில் சேர்ந்ததை அள்ளிக்கொள்ளுங்கள். அப்படியும் வரப்பில் முளைத்தால் நாற்றாக இருக்கும்போதே நீங்களே போய்ப் பிடுங்குங்கள். முள் முற்றியபிறகு நாற்று நடவும் களை பறிக்கவும் வருகிற அக்காமாருக்குக் காலில் குத்தும். பிடுங்கியதை வீணாக்காமல் உங்கள் பாத்தியில் நட்டுக்கொள்ளலாம், சின்னதாக இருக்கும்போது பெயர்த்து நட்டால் பிடித்துக்கொள்ளும்.